பேய் இல்லை, செத்தவர் உண்டு: கோட்டைகளும் மடைகளும் சொல்லும் ஆவிக் கதைகள்



யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அந்த அண்ணனிடம் நான் பட்ட ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சமூகவியல் எம்.ஏ. முதலாண்டு. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயின் நடுமடையில் பேய் இருப்பதாகச் சொல்வார்கள். உச்சிப் பொழுதில் அந்தப் பக்கம் ஆடு பத்திக்கொண்டு போகமாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் கரையேறவே கூடாது. நானும் மூன்று நண்பர்களும் ஓர் அமாவாசை இரவு அந்த மடைமீதே படுத்துத் தூங்கினோம். கொசு கடித்தது. வேறொன்றும் நடக்கவில்லை. காலையில் டீக்கடையில் நின்று வெற்றியை அறிவித்தோம். அடுத்த வாரம் அண்ணனைப் பார்த்தபோது பெருமையோடு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“பேய் இல்லைன்னு நிரூபிச்சுட்டே, சரி. அங்க செத்தது யாருன்னு கேட்டியா?”

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஊருக்குத் திரும்பிப்போய் அப்பத்தாவிடம் கேட்டேன். “ராத்திரியில மடையில போய்ப் படுத்துக் கெடந்தீகளாமே?” என்று திட்டிவிட்டுத்தான் சொன்னாள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த மூன்றாம் வருசம், ஐப்பசி மழை கொட்டிக் கண்மாய் நிறைந்து கரை கசிய ஆரம்பித்திருக்கிறது. மடையைத் திறந்துவிட இரவில் ஆள் இறக்கியிருக்கிறார்கள். இறங்கியவர் தாத்தாவின் அண்ணன். மேலே வரவில்லை. மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகுதான் எடுத்தார்கள். “கம்மாய் காவு கேட்டுச்சு, கொடுத்தாச்சு, இனி கரை நிக்கும்னாக ஊர்க்காரக” என்றாள். அவர் பெயர் என்ன என்று கேட்டேன். “மூத்தார் பேர நான் எப்புடிடா சொல்றது?” என்று வாயை மூடிக்கொண்டாள்.

பழைய மடைகளைப் பார்க்காத மாணவர்களுக்காக ஒன்று. இன்றிருப்பதுபோல் திருகு சுற்றித் தூக்கும் இரும்புக் கதவு அப்போது கிடையாது. கண்மாய்க்குள் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்கும். ஓர் ஆள் அதுவரை நீந்திப்போய், மூச்சைப் பிடித்து மூழ்கி, அடியில் இருக்கும் அடைப்பைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதும் தண்ணீர் பாய்கிற இழுப்பில் கையோ காலோ சிக்கினால் அவ்வளவுதான். மடைக்குடும்பன், நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி என்று ஊருக்கு ஊர் அந்த வேலைக்குப் பெயர் மாறும். ஆள் பெரும்பாலும் நம் தெருவிலிருந்துதான் போவார். அன்றிரவு அவரை இறக்கியவர்களுக்கு வயல் இருந்தது. இறங்கியவருக்கு அந்தத் தண்ணீரில் பாயும் ஒரு குழி நிலமும் இல்லை.

வேலையில் நேர்ந்த ஒரு சாவு காவு ஆகி, காவு பேய் ஆகி, பேய் ஒரு பயமாக மட்டும் மிஞ்சியதை அன்று கண்டேன். நம் ஊர்களிலும் கோட்டைகளிலும் உலவும் ஆவிக் கதைகளை அன்றிலிருந்து வேறு மாதிரிக் கேட்கப் பழகினேன். இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான்.

கேட்கும் முறையைக் கோடாங்கியிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். பகுத்தறிவுத் தோழர்கள் கோபப்பட வேண்டாம். பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணை உட்கார வைத்து உடுக்கையடிக்கும் கோடாங்கி முதலில் விரட்டுவதில்லை. விசாரிக்கிறார். நீ யார்? எந்த ஊர்? எப்படிச் செத்தாய்? உனக்கு என்ன வேண்டும்? தூக்குப் போட்டுச் செத்தாள் என்று ஊர் கூடி எழுதி முடித்த ஒருத்தி, இன்னொரு பெண்ணின் வாய் வழியாக “அடிச்சுக் கொன்னுட்டுத்தான் கயித்துல மாட்டுனாக” என்று அலறியதைச் சிறுவயதில் என் காதால் கேட்டிருக்கிறேன். அலறியது யார் என்பது உளவியல் தெரிந்தவர்கள் விளக்க வேண்டிய சங்கதி. ஆனால், காவல் நிலையத்தில் எழுதாத ஒரு வாக்குமூலம் அன்று ஊர் நடுவில் பதிவானது. கேள்விகள் முடிந்ததும் கோடாங்கி உச்சிமுடியில் ஒரு கொத்தைப் புளியமரத்தில் வைத்து ஆணியடித்துவிடுவார். விசாரணை அதோடு சரி. பதில் கிடைத்த இடத்திலேயே வாயை அடைக்கும் வேலையும் நடந்துவிடுகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஏவரி கார்டன் 1997இல் எழுதிய நூலைப் பின்னாளில் படித்தேன். முடித்துவைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் சமூக வன்முறை இன்னும் முடியவில்லை என்று வெளிக்காட்டும் வழிகளில் ஒன்றாக அவர் ஆவி நடமாட்டத்தைப் பார்க்கிறார். படித்தபோது எனக்கு அண்ணனும் எங்கள் ஊர்க் கோடாங்கியும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இந்தியாவில் பேர்போன பேய்க் கோட்டைகளில் ஒன்று புனே நகரின் சனிவார்வாடா. முதலாம் பாஜிராவ் 1730இல் கட்டத் தொடங்கிய பேஷ்வாக்களின் அரண்மனை. 1773 ஆகஸ்ட் 30, கணபதி விழாவின் கடைசி நாள். பதினெட்டு வயதுப் பேஷ்வா நாராயணராவைக் கார்டி எனப்படும் கூலிப்படைக் காவலர்கள் துரத்தித் துரத்தி வெட்டினார்கள். அவர் சித்தப்பா ரகுநாதராவின் அறைக்கு ஓடி, “காகா, மலா வாச்வா” — சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள் — என்று கதறியதாகக் கதை. பௌர்ணமி இரவுகளில் அந்தக் குரல் இன்றும் கேட்பதாகச் சொல்கிறார்கள். “பிடி” என்றிருந்த ஓலையில் சித்தி ஆனந்திபாய் ஓர் எழுத்தைத் திருத்திக் “கொல்” என்று ஆக்கிவிட்டாராம். பழி ஒரு பெண்ணின் தலையில் போய் உட்கார்ந்த விதத்தையும் பாருங்கள்.

இந்தச் சாவைப் பற்றி நமக்கு எல்லாமே தெரியும். தேதி தெரியும், வயது தெரியும், கடைசி வார்த்தை தெரியும். விசாரித்து ரகுநாதராவைக் குற்றவாளி என்று சொன்ன நீதிமான் ராமசாஸ்திரியின் பெயரும் தெரியும். அன்று அங்கே செத்தது நாராயணராவ் ஒருவர் மட்டுமில்லை. மராத்திய வரலாற்றாசிரியர் சர்தேசாய் பதினொரு பேர் என்று எழுதுகிறார். பேஷ்வாவையும் சேர்த்து ஏழு பிராமணர்கள், இரண்டு மராத்தா ஏவலாளர்கள், இரண்டு பணிப்பெண்கள். அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இரண்டு பணிப்பெண்களும் கதறாமலா செத்திருப்பார்கள்? எந்தப் பௌர்ணமிக்கும் அவர்கள் குரலை யாரும் கேட்டதாகச் சொல்லவில்லை. ஆவியாக அலையக்கூட அந்த அரண்மனையில் ஒரு தகுதி வேண்டியிருந்தது.

அதே நகரம். அதே பேஷ்வாக்கள். தீண்டப்படாதவர்கள் தெருவில் எப்படி நடக்க வேண்டியிருந்தது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியும். காலடி பட்ட தரையைக் கூட்டிக்கொண்டே போக இடுப்பில் விளக்குமாறு, எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் மண்கலயம். அந்தக் கலயத்தோடு நடந்து செத்தவர்களின் ஆவி சனிவார்வாடாவின் மதில் ஓரத்தில் ஏன் அலையவில்லை என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. விடை ஒரு சிறுமியிடம் கிடைத்தது.

அவர் பெயர் முக்தா சால்வே. மாங் சாதியில் பிறந்தவர். ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் புனேயில் நடத்திய பள்ளியின் மாணவி. 1855இல், பதினான்கு வயதில், மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ‘ஞானோதயா’ இதழில் வந்தது. தலித் பெண் ஒருவர் எழுதி அச்சேறிய மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று அது. நம் நிலத்திலிருந்து நம்மைத் துரத்திவிட்டு அங்கே மாளிகைகள் கட்டினார்கள் என்கிறார். அதோடு நிற்கவில்லை. மாங், மகர் மக்களுக்குச் செந்தூரம் கலந்த எண்ணெயைக் குடிக்கக் கொடுத்து, அந்த மாளிகைகளின் அஸ்திவாரத்தில் புதைத்துத் தலைமுறை தலைமுறையாக அழித்தார்கள் என்று எழுதுகிறார். செந்தூரமும் எண்ணெயும் மராட்டிய நாட்டில் சாமிக் கற்களுக்குக் குழைத்துப் பூசுகிற கலவை. அதைத்தான் மனிதருக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் எழுதியபோது பேஷ்வா ஆட்சி முடிந்து 37 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் வீட்டுப் பெரியவர்கள் அந்த ஆட்சியில் வாழ்ந்தவர்கள். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் அவர்கள் அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் அவருக்கு எழுத்தைக் கொடுத்தது, எழுதினார். நாம் ஆவிக் கதை என்று சொல்வதற்கும் முக்தா எழுதியதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கொலையைச் செய்தவன் வீட்டில் அது கிசுகிசுவாக உலவி, பிறகு மர்மமாகி, சுற்றுலா வழிகாட்டியின் வாயில் சுவையான கதையாகிறது. செத்தவன் வீட்டுப் பிள்ளை எழுதும்போது அது குற்றச்சாட்டு. அதில் யார், யாரை, எதற்காக என்பது இருக்கிறது. முக்தாவின் கட்டுரையில் ஓர் ஆவிகூட இல்லை.

அஸ்திவாரத்தில் ஆளைப் புதைக்கும் கதை புனேயோடு முடிவதில்லை. ராஜஸ்தானின் ஜோத்பூரில் மெஹ்ரான்கட் கோட்டை இருக்கிறது. 1459இல் ராவ் ஜோதா என்ற ராத்தோர் அரசர் கட்டத் தொடங்கியது. பாறைக் குன்றின்மேல், மேலும் ஒரு பாறையே முளைத்ததுபோல நிற்கும். அந்தக் குன்றில் இருந்த துறவி ஒருவரை அரசர் வெளியேற்ற, அவர் இந்த நாட்டில் தண்ணீர்ப் பஞ்சம் வரட்டும் என்று சபித்தாராம். சாபம் நீங்க ஒருவரை உயிரோடு புதைக்க வேண்டியிருந்ததாம். புதைக்கப்பட்டவர் ராஜாராம் மேக்வால். ராஜியா பாம்பி என்றும் சொல்வார்கள். மேக்வால்கள் தீண்டப்படாதவர்களாக வைக்கப்பட்ட சாதி. அவர் குடும்பத்துக்கு அரசர் நிலம் கொடுத்தார், ராஜ்பாக் என்ற அந்த இடத்தில் வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள் என்கிறார்கள். கோட்டையில் அவருக்கு நினைவுக் கல் உண்டு. பெயரைக் கல்லில் பொறித்த அளவில் மெஹ்ரான்கட், சனிவார்வாடாவைவிட நேர்மையானது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் கதையில் ஒரு சொல் வருகிறது. “விரும்பி.” ராஜாராம் விரும்பித் தன்னைக் கொடுத்தார். அவராகவே முன்வந்தார். எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னாலும் அந்தச் சொல் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டே வருகிறது. சபித்தவர் துறவி. சாபத்துக்குக் காரணம் அரசர். இவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கைத் தீர்க்க மூன்றாவதாக ஒரு மேக்வால் ஏன் விரும்ப வேண்டும்? கோட்டையில் அமைச்சர்கள், தளபதிகள், புரோகிதர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த விருப்பம் வரவில்லையே!

இந்தச் சொல்லை நான் கோட்டையில் மட்டும் கேட்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மலக்குழியில் இறந்த இரண்டு இளைஞர்கள் குறித்த உண்மையறியும் குழுவில் ஒரு நகரத்துக்குப் போயிருந்தேன். ஒப்பந்ததாரர் தரப்பு சொன்னது இதுதான்: “யாரும் இறங்கச் சொல்லலைங்க. அவங்களாத்தான் இறங்கிட்டாங்க.” மனிதரை மலக்குழியில் இறக்கக் கூடாது என்ற சட்டம் 2013இல் வந்தது. 1993 முதல் அப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. பணம் ஏறியிருக்கிறது. ‘அவராகவே இறங்கினார்’ என்ற வாக்கியம் 1459இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த இளைஞர்களின் தாய்மாரில் ஒருவர் எங்களிடம் கேட்டார்: “எம் புள்ள சாவுறதுக்கு எதுக்குய்யா ஆசப்படப் போறான்?” ராஜாராமின் தாய் என்ன கேட்டார் என்பது எந்தக் கதையிலும் இல்லை.

தெற்கே வருவோம். கோழிக்கோட்டிலிருந்து தாமரசேரி மலைப்பாதையில் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வயநாட்டுக்குள் நுழைந்தால் லக்கிடி. சாலையோரத்தில் ஓர் ஆலமர வகை மரம், அதிலிருந்து தரைக்கு இறங்கும் கனத்த இரும்புச் சங்கிலி. சுற்றுலாப் பேருந்துகள் நின்று படம் எடுத்துக்கொண்டு போகும். கதை இப்படி. மலையேறப் பாதை தெரியாமல் திணறிய ஆங்கிலேய அதிகாரிக்கு, கரிந்தண்டன் என்ற பணியர் இளைஞர் வழிகாட்டினார். ஆடுமாடுகளின் தடம் பார்த்து மலையேறத் தெரிந்தவர். பாதை தெரிந்துகொண்ட அதிகாரி, கண்டுபிடித்த பெருமை தனக்கே வேண்டும் என்பதற்காக அவரைக் கொன்றுவிட்டார். அதன்பிறகு அந்தப் பாதையில் வண்டிகள் கவிழ்ந்தன, மாடுகள் விழுந்தன. கரிந்தண்டனின் ஆவிதான் காரணம் என்று, மந்திரவாதியைக் கூப்பிட்டு ஆவியைச் சங்கிலியில் பிணைத்து மரத்தில் கட்டினார்களாம். மரம் வளர வளரச் சங்கிலியும் வளர்கிறது என்பார்கள்.

நம் கூடலூர், பந்தலூர்ப் பக்கமும் வாழும் பணியர்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்தச் சங்கிலி வேறு ஒன்றைச் சொல்லும். அவர்கள் தலைமுறைகளாகக் கொத்தடிமைகளாக இருந்தவர்கள். மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவுத் திருவிழாவில், அம்மன் முன்னிலையில், அடுத்த ஆண்டு முழுவதும் யாரிடம் உழைப்பது என்று பணியர்களைப் பேசி முடிப்பார்கள். சாமி சாட்சியாக நடந்த ஆள் வியாபாரம் அது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. உயிரோடு இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சங்கிலி, செத்த பிறகு கண்ணுக்குத் தெரிகிற சங்கிலி. கதையில் நியாயம் கேட்டவர் பிணைக்கப்படுகிறார். கொன்றவருக்கு ஒரு தண்டனையும் இல்லை. சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. நம் கோடாங்கி புளியமரத்தில் அடித்த அதே ஆணிதான், அளவு பெரியது.

வயநாட்டு ஆதிவாசி அமைப்புகள் இதைத் திருப்பிப்போட்டிருக்கின்றன. கரிந்தண்டன் நினைவாக அடிவாரத்திலிருந்து அந்த மலைப்பாதையில் நடந்தே ஏறிப்போகிறார்கள். அவரைப் பேய் என்று சொல்வதில்லை. பாதையைக் கண்டவர், முன்னோர் என்கிறார்கள். கோடாங்கி கேட்ட கேள்விகளையே அவர்களும் கேட்கிறார்கள், ஆணியை மட்டும் தொடவில்லை.

தமிழ்நாட்டில் இதே வேலை வேறு வகையில் நடந்திருக்கிறது. நாம் பேயை மரத்தில் கட்டியதோடு நிற்காமல் சாமியாகவும் ஆக்கினோம். அநியாயமாகச் செத்தவர் துடியான சாமி. கும்பிடாவிட்டால் விடமாட்டார். மதுரை வீரன் கதை நீங்கள் அறிந்ததுதான். அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவர், பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனவர், மதுரையில் கள்ளர்களை அடக்கியவர், வெள்ளையம்மாள் விவகாரத்தில் திருமலை நாயக்கர் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர். மீனாட்சியம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்தையொட்டி அவருக்குச் சன்னதி இருக்கிறது. கொன்ற ஊரின் வாசலுக்கே அவரைக் காவல் வைத்திருக்கிறார்கள். கை கால் வெட்டுப்பட்டவருக்குச் செத்த பிறகும் வேலை ஓயவில்லை.

அதைவிட நுட்பமான வேலை அவர் பிறப்பில் நடந்தது. கதைப்படி அவர் காசி அரசனின் மகன். காட்டில் விடப்பட்ட குழந்தையை அருந்ததியர் எடுத்து வளர்த்தார். நெல்லைச் சீமையின் முத்துப்பட்டன் கதையிலும் இதுதான் நடக்கிறது. முத்துப்பட்டன் என்ற பிராமணன், வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, மாடுகளைக் காக்கப் போய்ச் செத்தவன். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோவிலில் அவனுக்குச் சன்னதி உண்டு. அந்தப் பெண்களும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று கதையில் ஓர் ஒட்டு இருக்கிறது. நாட்டார் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்த நா. வானமாமலை இந்த ஒட்டுகளைப் பிற்காலத்தில் சேர்ந்தவை என்று அடையாளம் காட்டியது நமக்குக் கிடைத்த பெரிய உதவி. கொலையை மறைக்க முடியாதபோது செத்தவரின் சாதியை மாற்றிவிடுகிறார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தைப் பார்த்த பல லட்சம் பேரில் நம்மவர்கள் எத்தனை பேர்! அவர்கள் அழுதது ஓர் அரசகுமாரனுக்காக என்று ஆக்கிவிட்டார்கள்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நான் பெரியாரைப் படித்து வளர்ந்தவன். பேயையும் சாமியையும் காட்டி நம் மக்களின் காசையும் நிம்மதியையும் பறிப்பவர்களை எதிர்த்து இன்றும் பேசுவேன். பேய் ஓட்டுகிறேன் என்று பெண்களை அடிப்பதை ஒருநாளும் ஏற்கமாட்டேன். ஆனால் அன்று மடையில் படுத்திருந்த அந்த நான்கு பையன்களைப்போல, பேய் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டால், அங்கே கிடந்த பிணத்தையும் சேர்த்து இல்லை என்று சொன்னதாக ஆகிவிடுகிறது. நிலத்தை வைத்திருப்பவனிடம் பட்டா இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, மெய்க்கீர்த்தி இருக்கிறது. நம்மவர் சாவுக்குப் பல இடங்களில் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி ஒரு பயந்த கதை. சாட்சி பொய்யும் கலந்து பேசும். குறுக்கு விசாரணை செய்துதான் வாங்க வேண்டும்.

மறுபக்கம், இந்தக் கதைகள் இன்று விற்பனைக்கும் வந்துவிட்டன. ராஜஸ்தானின் பான்கட் கோட்டையில் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் நுழையக் கூடாது என்று தொல்லியல் துறை ஓர் அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறது. அதையே அரசாங்கம் பேயை ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சியாகக் காட்டி யூடியூப்பில் ஓட்டுகிறார்கள். சாயங்காலம் பூட்டுகிற எந்த அலுவலகத்திலும் பேய் இருக்கிறது என்று சொல்லலாம்! திகிலுக்காகப் போகிறவர்களுக்குச் செத்தவர் யார் என்பது தேவைப்படுவதில்லை.

சனிவார்வாடாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் பீமா கோரேகாவ் இருக்கிறது. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்று செத்தவர்களின் பெயர்கள் அங்கே தூணில் இருக்கின்றன. அவற்றில் ‘நாக்’ என்று முடியும் மகர் பெயர்கள் 22. பொறித்தது கும்பினிக்காரன். தன் படைக்காகச் செத்தவர்கள் என்பதற்காகத்தான் பொறித்தான். அதில் நமக்கு மயக்கம் வேண்டாம். ஆனாலும் 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அங்கே போய் நின்றபோது, அவர் படிப்பதற்குப் பெயர்கள் இருந்தன. அரண்மனையில் செத்த ஒரு பேஷ்வாவுக்கு ஆவி இருக்கிறது. வெட்டவெளியில் செத்த மகர்களுக்குப் பெயர் இருக்கிறது. ஜனவரி முதல் நாள் இலட்சக்கணக்கில் மக்கள் எங்கே போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

நம் கீழ்வெண்மணியிலும் அப்படித்தான். 1968 டிசம்பர் 25 இரவு ராமையாவின் குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேர். காரும் வசதியும் உள்ள மிராசுதார்கள் நேரில் வந்து தீ வைத்திருப்பார்களா என்று உயர் நீதிமன்றம் ஐயப்பட்டு விடுவித்தது. கொன்றவர் யாருமில்லை என்று ஆகிவிட்ட அந்த இடத்தில் பேய்க்கதை முளைக்க எல்லா வசதியும் இருந்தது. கட்சியும் மக்களும் அதற்குள் முந்திக்கொண்டார்கள். நினைவிடம் எழுப்பினார்கள், பெயர்களை எழுதினார்கள். ஒவ்வொரு டிசம்பர் 25க்கும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கே போக யாரும் பயப்படுவதில்லை.

எங்கள் ஊர் மடைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பழைய மடையை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புதியது கட்டினார்கள். இரும்புக் கதவு, திருகு, எல்லாம் உண்டு. யாரும் மூழ்க வேண்டியதில்லை. நல்ல காரியம். பழைய மடைக்கல்லை மடைக்கருப்பு என்று கும்பிட்டு வந்தார்கள். அதைக் கரையோரம் உருட்டிவிட்டார்கள். புதிய மடையில் திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, திறந்துவைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள் பெயர் எல்லாம் கிரானைட்டில் இருக்கின்றன. அப்பத்தா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மூத்தாரின் பெயரைக் கடைசிவரை அவள் வாயால் சொல்லவில்லை. தாத்தாவும் இல்லை. கேட்க வேண்டிய நேரத்தில் நான் மேடைகளில் பேசிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரு தங்கை இருந்ததும், அவரைக் காளையார்கோவிலுக்கு அப்பால் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்ததும் பிறகுதான் தெரியவந்தது. போன ஆண்டு தேடிப் போனேன். அந்த அம்மாவும் இல்லை. மகன் இருந்தார். எழுபதை ஒட்டிய வயது. வந்த விசயத்தைச் சொல்லி, “உங்க தாய்மாமா பேரு தெரியுமாண்ணே?” என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் பேருதான் தம்பி அவரு பேரு. ஆத்தா எனக்கு அதத்தான் வச்சுச்சு.”

அந்தப் பெயரை மடையில் எழுத வேண்டும் என்று ஊராட்சியில் இரண்டு முறை மனுக் கொடுத்திருக்கிறோம். இன்று இந்த மேடையில் அதைச் சொல்லவா என்று நேற்றிரவு அவரிடம் போனில் கேட்டேன். “மொதல்ல மடையில எழுதச் சொல்லுங்க தம்பி. அப்பறமா மேடையில சொல்லுங்க” என்றார்.